பகல் ஏரிக்கரையில், ராத்தங்கல் நெடுஞ்சாலைப் பக்கம்

அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு வழியாகச் சூலூர்பேட்டை வரை

கேரவனில் கிளம்புகிறவர் இரவு எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் வண்டியை முகாமுக்குள் விட்டால் மின்சாரத்துக்கு ஒரு கம்பம், தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவை இறக்க ஒரு குழி என எல்லாம் அங்கேயே இருக்கும். பிரான்சில் சிற்றூர் நிர்வாகங்கள்கூட கேரவன் நிறுத்தம் நடத்துகின்றன. நமக்குப் பக்கத்தில் கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா அடுத்த ஆண்டே திறந்தது. பழவேற்காடு ஏரியைச் சுற்றி அப்படி எதையும் நம்பிக் கிளம்ப முடியாது. இங்கே ராத்தங்கல் என்பது யாரோ ஒருவரிடம் கேட்டு வாங்கும் இடம்.

ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏரியின் ஓரத்திலேயே வண்டியை நிறுத்தித் தூங்க ஆசை வரும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றுதான் இந்த அத்தியாயம் சொல்கிறது. கரையின் மண் உங்கள் வண்டியைத் தாங்காது. ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980-ல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் அதற்குள் இரவு தங்குவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கரை மீனவர்களின் தொழிலிடம். நீங்கள் தூங்கும் நேரத்தில்தான் அங்கே வேலை ஆரம்பிக்கிறது. ஆகவே பகலை ஏரிக்குக் கொடுங்கள், இரவுக்கு நெடுஞ்சாலைப் பக்கம் வந்துவிடுங்கள்.

முதல் நாள் மாலை

அனுப்பம்பட்டு சென்னை – கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கும் ஊர். கேரவன் பயணத்தை இங்கிருந்து தொடங்கச் சொல்வதற்கு ரயில் நிலையம் ஒரு முக்கியக் காரணம். கூட வருகிற எல்லோரும் முதல் நாளே வண்டியில் ஏற வேண்டியதில்லை. வேலை முடித்து வருகிறவர் கடைசி ரயிலில் வந்து சேர்ந்துகொள்ளலாம். வண்டியில் தூங்கிப் பழக்கமில்லாத பெரியவர்கள் வீட்டில் படுத்துவிட்டுக் காலை முதல் ரயிலில் வரலாம். மேற்கொண்டு போகும் வழியிலும் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் திருப்பி அனுப்ப வழி உண்டு. அனுப்பம்பட்டில் நிறுத்த, தெரிந்தவர் வீட்டு வாசலோ தோப்போ வேண்டும். ஒருவரையும் தெரியாதென்றால் சென்னையிலேயே தங்கி, வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியாக விடியற்காலையில் வந்து சேருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பகுதி கடுமையானது. மீஞ்சூர் பக்கத்தில் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டுப் பக்கம் ஏறிவிட்டது. நீர்வள நிபுணர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் குடிநீராக்கும் ஆலை 2010-ல் முதன்முதலில் அமைந்ததும் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில்தான். ஆகவே போர்வெல் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்காமல் வண்டித் தொட்டியில் நிரப்பாதீர்கள். உப்புக் கரித்தால் அது வாட்டர் ஹீட்டரையும் பம்பையும் தின்றுவிடும். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் நல்ல தண்ணீரைக் கிளம்பும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் தனியாக வையுங்கள். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேன் கணக்கு. பழவேற்காட்டில் குடிநீர் கிடைப்பதே பாடு என்று இருக்கும் வீடுகளின் தெருக்குழாயில் ஹோஸ் மாட்டி வண்டியின் தொட்டியை நிரப்புவது முறையல்ல. நூறு லிட்டர் தொட்டி உங்களுக்கு ஒரு நாள் வசதி, அங்கே அது நாலைந்து வீட்டின் குடங்கள்.

கழிவுத் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அன்று முழுவதும் அதை எங்கேயும் திறக்கும் நிலை வரக்கூடாது. பழவேற்காடு ஓடும் நீர் அல்ல. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் தண்ணீர் கொண்டுவரும். பழவேற்காட்டு முகத்துவாரம் திறந்திருக்கும்வரை கடல் வந்து போகும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிப்போகிற ஆண்டுகளில் ஏரிக்குள் விழுந்தது ஏரிக்குள்ளேயே கிடக்கும். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீருக்கும் இதே கணக்குதான். கழிப்பறைத் தொட்டியில் ஊற்றும் நீல மருந்தைப் பாதி அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தங்கும் விடுதியின் செப்டிக் டேங்கில்தான் அதைக் கொட்டப் போகிறீர்கள். மருந்து அதிகமானால் அங்கே கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியா செத்துவிடும். விடுதிக்காரர் அனுமதி கொடுத்தது உங்களுக்கு உதவி செய்ய, அதற்கு அவர் தொட்டி கெடக்கூடாது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லை தாண்டுகிறீர்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையும் அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டும் இருக்க வேண்டும். பழைய டெம்போ டிராவலரைப் பட்டறையில் கொடுத்து மாற்றிய சொந்த வண்டி என்றால், அது கேரவனாக ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் 7,500 கிலோ வரைக்கும் செல்லும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்திருக்கிறது. வீட்டு உபயோகத்து 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் விற்கும் 5 கிலோ சிலிண்டர் இரண்டு நாள் சமையலுக்குத் தாராளம்.

அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு

காலையில் வெளிச்சம் வந்ததும் வண்டி நகர வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வழியாகப் பொன்னேரிக்கு வரும் சாலையில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகள் சேரும். சாலையோரத்தில் விளக்குப் போடாமல் நிற்கும் டிரெய்லர்தான் இந்த வழியின் பெரிய ஆபத்து. இருட்டில் கிளம்பாமல் வெளிச்சம் வரும்வரை பொறுப்பது அதனால்தான். ரயில் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டிவந்தால் கேட் வழியா, சுரங்கப்பாதையா என்று முன்கூட்டியே கேளுங்கள். டிராவலர் உடம்பில் கட்டிய கேரவன், மேலே ஏ.சி. வைத்தால் மூன்று மீட்டரைத் தொடும். உங்கள் வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, ஓட்டுநர் கண்ணுக்கெதிரே ஒட்டி வையுங்கள். மழை பெய்த மறுநாள் எந்தச் சுரங்கப்பாதையிலும் இறங்க வேண்டாம்.

பொன்னேரியில் டிபன் சாப்பிட்டுவிடுங்கள். அகத்தீஸ்வரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் உள்ள ஊர். சித்திரையில் சிவனும் பெருமாளும் சந்திக்கும் விழா நடக்கிற நாட்களில் பெரிய வண்டி ஊருக்குள் நுழையவே முடியாது. அந்த வாரம் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குள்தான். வளைவுகளும் ஊர்களும் உள்ள சாலை, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆரணியாறு பெருகும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பகுதிச் சாலைகள் மூழ்குவதுண்டு. கனமழை எச்சரிக்கை வந்திருந்தால் பழவேற்காட்டை விட்டுவிட்டு நேரே நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

பழவேற்காட்டில்

பேருந்து நிற்கும் இடத்துக்கு முன்பாகவே, கெட்டியான தரை பார்த்து நிறுத்துங்கள். அதற்கு மேல் தெருக்கள் குறுகல், கேபிள் டி.வி. கம்பிகளும் வீட்டு மின் கம்பிகளும் கேரவன் உயரத்தில் தொங்கும். நிறுத்தும் முன் எதிரே உள்ள கடைக்காரரிடம் ஒரு வார்த்தை. "அண்ணே, பத்தரை வரைக்கும் இங்க வண்டி நிக்கலாமா?" எவ்வளவு நேரம் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். நேரம் சொல்லிக் கேட்கிறவருக்கு இங்கே பெரும்பாலும் இடம் கிடைக்கும். சொன்ன நேரத்துக்கு எடுத்துவிடவும் வேண்டும்.

கரையோரம் உப்புப் பூத்து, வெடித்து, காய்ந்த களமாகத் தெரியும் தரையை நம்பாதீர்கள். மேலே ஒரு விரல்கடை காய்ந்திருக்கும், கீழே சேறு. நாலு டன் வண்டியின் பின்சக்கரம் ஒருமுறை இறங்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் போகும். டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும், அந்த டிராக்டரும் கெட்டித் தரையில் நின்றுகொண்டு நீளக் கயிறு போட வேண்டும். காலால் நடந்து பார்த்து, குதிகாலை அழுத்தினால் ஈரம் ஊறுகிற இடம் எதுவும் வண்டிக்கு ஆகாது.

மீன் ஏலத்தைப் பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் போக வேண்டும். ஏரி மீனும் கடல் மீனும் ஒரே கரையில் வந்து இறங்குவதை இங்கே பார்க்கலாம்: மடவை, கிழங்கான், இறால், களி நண்டு. ஏலம் கூறுகிறவருக்கும் கூடையோடு நிற்கும் பெண்களுக்கும் அது தலைபோகிற நேரம். கேமராவை நீட்டிக்கொண்டு நடுவில் நுழையாமல் ஓரமாக நில்லுங்கள். வாங்குவதானால் ஏலம் முடிந்து, வாங்கிய மீனை அந்தப் பெண்கள் கூறு வைத்த பிறகு அவர்களிடம் வாங்குங்கள். "அக்கா, இறால் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்று கேட்டால் உரித்துத் தருவார்கள். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உரிக்காத இறாலை வண்டியில் ஏற்றினால் தலையும் ஓடும் மாலைக்குள் வண்டி முழுதும் நாறும், அதை எறியவும் இடம் இருக்காது. தெர்மகோல் பெட்டியும் ஐஸும் கரையிலேயே கிடைக்கும். வண்டியின் ஃப்ரிட்ஜில் மீனை வைக்காதீர்கள், பாலும் தயிரும் அந்த வாடையை ஒரு வாரம் சுமக்கும்.

இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்தப் படகு எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்தார் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு. நல்ல மீன் படும் இடம் ஒருவருக்கே போய்விடாமல் சுற்றி வர வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆய்வாளர்கள் பலர் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேரவன் ஓட்டுகிறவருக்கு இதில் நேரடியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஒருவருக்கு முறை வரும் நாள் பல நாள் காத்திருந்து வருவது. அன்று அவர் வலை உலர்த்தும் மணலிலோ படகு இழுக்கும் வழியிலோ உங்கள் வண்டி நின்றால் அவர் இழப்பது ஒரு மணி நேரம் மட்டுமாக இருக்காது. சும்மா கிடக்கும் பொட்டலாக உங்களுக்குத் தெரிகிற ஒவ்வோர் இடத்துக்கும் இங்கே ஒரு பயன் இருக்கிறது.

படகில் ஏறாதீர்கள். கரைக்கு வந்ததும் ஏரியைச் சுற்றிக் காட்டுவதாக யாராவது கூப்பிடக்கூடும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பண்டிகை நாளில் குடும்பமாக வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் மோதும் நீரோட்டம் மேலே பார்த்தால் தெரியாது. குழந்தைகள் அழுதாலும் சரி, ஏற வேண்டாம்.

கலங்கரை விளக்கம் உள்ள லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் இருக்கிறது. வண்டியை அங்கே கொண்டுபோகாமல் ஷேர் ஆட்டோவில் போய் வாருங்கள். பாலத்துக்கு அப்பால் மணலும் குறுகல் சாலையும்தான், கேரவனைத் திருப்ப இடம் தேடி அலைவீர்கள். அங்கிருந்து தெற்கே காட்டுப்பள்ளிக்குக் கடற்கரையோரமாகப் போய்விடலாம் என்று வரைபடம் காட்டும். பெரிய வண்டிக்கு அந்த வழி வேண்டாம்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போகலாம். 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாகப் பழவேற்காட்டை வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். பிறகுதான் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். கோட்டையில் இன்று மிஞ்சியது கொஞ்சம்தான். கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாயிலின் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும், கல்லறைப் பலகைகளில் வெட்டிய எழுத்தின் ஒழுங்கையும் நின்று பாருங்கள். ஊரில் இஸ்லாமியப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகள் விற்கிறார்கள். வண்டிக்குள் காய்கறி வைக்கப் பிளாஸ்டிக் டப்பாவைவிட அவை நல்லவை, காற்றோட்டம் உண்டு, ஆட்டத்தில் சத்தம் போடாது.

பதினொன்றுக்குள் கிளம்புங்கள். நடுப்பகலுக்குக் கடற்காற்று எழும். உயரமான வண்டியைத் திறந்தவெளிச் சாலையில் அது பக்கவாட்டில் தள்ளும்.

நெடுஞ்சாலை

வந்த வழியே பொன்னேரிக்குத் திரும்பி, தச்சூர் கூட்டுச்சாலையில் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். பழைய எண் 5, இப்போது 16. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச் சாவடி, ஆரம்பாக்கம், பிறகு ஆந்திரத்தில் தடா. அறுபதுக்கு மேல் போகாமல் இடது ஓரமாகப் போங்கள். ஃபாஸ்டேக் ஆர்.சி.யில் உள்ள வண்டி வகையோடு பொருந்த வேண்டும். காருக்கு வாங்கியதை ஒட்டிக்கொண்டு வந்தால் சுங்கச்சாவடியில் நிறுத்துவார்கள். கும்மிடிப்பூண்டியிலேயே டீசல் நிரப்பி, சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம். காலையில் வாங்கிய இறாலை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திச் சமைக்க வேண்டாம், அது ராத்திரிக்கு.

இரண்டரைக்குச் சூலூர்பேட்டை. ஏரியைப் பார்க்கப் போவதற்கு முன் இங்கேயே இரவு இடத்தை உறுதி செய்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இருட்டிய பிறகு இடம் தேடும் கேரவனுக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை.

ஏரியின் நடுவே போகும் சாலை

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதில் பூநாரைகள் நிற்கும். எதிர்பாராத அளவுக்குப் பக்கத்தில், எதிர்பாராத எண்ணிக்கையில். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது, பெரும்பகுதி ஆந்திரத்தில். கோடையில் வந்தால் இதே இடத்தில் வெடித்த தரையும் புழுதியும்தான் மிஞ்சும்.

அட்டகானிதிப்பா வரை போய்த் திரும்பினால் போதும். சாலையின் முடிவில் விண்வெளி மையத்தின் வாயில். அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ராக்கெட் ஏவும் நாளில் இந்தச் சாலையில் சோதனையும் நெரிசலும் இருக்கும், தேதி பார்த்து வாருங்கள். ஜனவரியை ஒட்டி நடக்கும் பூநாரைத் திருவிழா நாட்களிலும் பெரிய வண்டிக்கு இங்கே வேலையில்லை.

சாலையின் தோள் மெல்லியது. வண்டியின் பாதி உடம்பு சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தாதீர்கள். அகலமான இடம் வரும்வரை பொறுங்கள். நிறுத்தியதும் எஞ்சினை அணையுங்கள், கதவை அறையாதீர்கள். பூநாரை சேற்றைக் கிளறித் தலைகீழாக அலகை வைத்து வடிகட்டித் தின்னும் பறவை. ஒருமுறை கூட்டம் எழுந்து பறந்தால் மறுபடி இறங்கி அமைதியாக மேய நேரமாகும். பறந்தால் படம் நன்றாக வரும் என்று ஹாரன் அடிக்கிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள், வேண்டாம் என்று.

நாலரைக்குத் திரும்புங்கள். திரும்பும் வழி நேர் மேற்கு. ஐந்தரைக்கு மேல் சூரியன் கண்ணாடியில் வந்து உட்காரும். எதிரே வரும் பஸ் தெரியாது.

ராத்தங்கல்

சூலூர்பேட்டையில் சுற்றுச்சுவருக்குள் இடமுள்ள ஒரு விடுதியில் ஓர் அறை எடுத்து, வண்டியை அதன் முற்றத்தில் நிறுத்துவதுதான் இந்தப் பக்கத்தில் சரியான வழி. அறைக்குக் கொடுக்கும் பணத்தில் குளியல், கழிவை இறக்கும் அனுமதி, நல்ல தண்ணீர், ஒரு மின் இணைப்பு நான்கும் சேர்ந்து கிடைக்கிறது. கழிவு பற்றி வெட்கப்படாமல் முதலிலேயே பேசிவிடுங்கள். தமிழ் பெரும்பாலும் புரியும். இரண்டு வார்த்தை தெலுங்கு பேசினால் முகம் மலரும். விடுதி அமையவில்லை என்றால் நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க். மேலாளரைக் கேட்டு, டேங்கர் வந்து திரும்பும் வழியை விட்டு, விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்துங்கள். பங்க் வளாகத்துக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அன்றைக்கு இறாலைத் தெரிந்த ஓட்டலில் கொடுத்துச் சமைத்து வாங்குங்கள்.

மின் இணைப்பு இல்லாத இரவுக்கு ஏ.சி.யை நம்பாதீர்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 2.4 யூனிட். ஒரு டன் ஏ.சி. இரண்டு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். அதே பேட்டரியில் இரண்டு மின்விசிறி விடிய விடிய ஓடும். ஏரிக்கரைக் கொசுவுக்கு ஜன்னல் வலை கட்டாயம். ஜெனரேட்டர் வேண்டாம், பக்கத்தில் லாரிக்குள் படுத்திருப்பவர் மறுநாள் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டப் போகிறவர்.

காளங்கிக் கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ அதிகாரிகள் வந்து கும்பிடும் கோயில். வண்டியை விடுதியிலேயே விட்டு ஆட்டோவில் போய் வரலாம்.

மறுநாள் ஆறு மணிக்கு நேலப்பட்டுக்குக் கிளம்புங்கள். வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே. கூழைக்கடாக்கள் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் சரணாலயம். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூட இருக்கும். கிளம்பும் முன் சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா, படி மடங்கியிருக்கிறதா, மின் கம்பி கழற்றியாகிவிட்டதா, மேல் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் கையால் தொட்டுப் பாருங்கள். நேலப்பட்டில் வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போக வேண்டும்.